தராசு உண்டா இல்லியா

எங்க ஊரு ரேஷன் கடையில தராசு இல்லன்னு அரசாங்கம் முடிவு பண்ணிட்டு. கடைக்காரன் ஞானதாசன் அந்தத் தராசு மேலயே முழங்கைய ஊணிக்கிட்டு சொல்லுதான்: "தராசு இல்ல பெரியம்மே. அரிசி போட முடியாது."

"ஏலே, கைக்கு அடியில கிடக்குறது என்ன?"

"எனக்குத் தெரியுது. பில் போடுற மெஷினுக்குத் தெரியலியே."

வீட்டுல கஞ்சிக்கு அரிசி இல்ல. நேரா சப்ளை ஆபீசுக்குப் போனேன். அங்க புரோகிராம் எழுதுற சுபிதான்னு ஒரு பிள்ள, தலையில கைய வச்சுட்டு இருக்கா.

"ஒவ்வொரு கடை மெஷினும் ஒவ்வொரு மாதிரி ஆச்சி. அதனால புரோகிராம ஏத்துறதுக்கு முன்னால 'தராசு உண்டா'ன்னு ஒரு குட்டி சோதனை ஓடும். அதுல சின்ன எச்சரிக்க வந்தாலும் தோல்வின்னு சாரு ஆர்டர் போட்டுட்டாரு. சோதனைல ஏதோ சில்லறக் குத்தம். அதுக்குப் போயி தராசே இல்லன்னு எழுதிட்டு."

இப்படித்தான் எங்க தாணம்மாளுக்கு மாப்பிள்ள பாக்க அவ சித்தப்பா போனாரு. அந்த வீட்டு வாசல்ல நாய் குரைச்சுது. திரும்பி வந்து, "அங்க மாப்பிள்ள கிடையாது"ன்னுட்டாரு. கல்யாணம் நின்னு போச்சு. அந்த நாய் பின்னே லாரியில அடிபட்டது வேற கத.

அந்த ஆர்டர் போட்ட அதிகாரி சுயம்புலிங்கம் அசையல. "மேற்படி தராசு கண்ணுக்குத் தென்படினும், கணினிக்குத் தென்படாமையால் இல்லாததாகவே கருதப்படும்."

சுபிதா சொன்னா: "சாரே, நிச்சயமா இருக்குற ஒண்ணக் கேட்டுப் பாருங்க. அதுக்கும் இல்லன்னு வந்தா, கோளாறு சோதனையில."

அதே சோதனையில 'அதிகாரி உண்டா'ன்னு கேக்க, அவரு பெருமையா ஆபீஸ் மெஷின்ல கைரேக வச்சாரு. மெஷின் சொல்லிச்சு: அதிகாரி இல்லை.

அவரு தன்னையே ஒரு தடவ தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

"சோதனை கெட்டா 'தெரியல'ன்னு சொல்ல வைக்கேன் சாரே. 'இல்ல'ன்னு சொல்லப்பிடாது."

"'தெரியல'ன்னு அரசாங்கம் சொல்லுமாம்மா? எதைக் கேட்டாலும் 'உண்டு'ன்னு வையி!"

அதுக்கப்புறம் எங்களுக்கு ஒரு குறையுமில்ல. அதிகாரி ஆபீசுக்கே வாறதில்ல. மெஷின்ல தெனமும் உண்டு. நான் கடைக்குப் போனேன். குடும்பத் தலைவர் உண்டான்னு கடை மெஷின் கேட்டுச்சு. உண்டுன்னு அதுவே சொல்லிக்கிட்டு. எங்க வீட்டுக்காரர அடக்கம் பண்ணி எத்தன மழ பேஞ்சாச்சு! உயிரோட இருக்கச்ச ஒரு மணி அரிசி வாங்கித் தராத மனுசன். கம்ப்யூட்டர் சொன்னத மறுக்கலாமா? ரெண்டு பங்குக்கும் பைய நீட்டினேன்.

ஞானதாசன் மூட்டையக் கவுத்துக் காட்டினான். காலி.

"அரிசி உண்டுன்னுல்லா மெஷின் சொல்லுது?"

"உண்டு பெரியம்மே. ஊருல செத்தவங்க எல்லாரும் காலையிலேயே வந்து வாங்கிட்டுப் போய்ட்டாங்க."