தகட்டு ஜோசியர்

தகட்டு ஜோசியர் என்றொரு பிராணி உலகத்தில் உண்டு. அதை அடையாளம் காண்பது சுலபம். முகம் பார்க்கலாம் என்கிற மாதிரி துடைத்து வைத்த பழைய கார் ஒன்றை அதன் முன்னால் நிறுத்துங்கள். நீங்களும் நானும் ‘அடடா’ என்போம். அது சொல்லாது. சட்டைப் பையிலிருந்து சின்ன டார்ச்சை எடுக்கும், குனியும், என்ஜினுக்குப் பின்னாலுள்ள சுவரில் பதித்திருக்கும் உள்ளங்கை அகலத் தகட்டைத் தேடும். கார் எந்த வாரம் பிறந்தது, என்ன வண்ணம் பூசினார்கள், இருக்கைக்கு என்ன துணி தைத்தார்கள் என்பதெல்லாம் அதில் எண்ணும் எழுத்துமாக அடித்திருக்கும். ஜாதகம் கையில் கிடைத்தபின் பெண்ணைப் பார்க்க யாருக்கு நேரம்?

அமெரிக்காவின் ஓஹையோவில் கோடைக்காலச் சனிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்து வாசலில் பழைய கார் போட்டிக்கு வண்டிகள் வரிசை கட்டி நிற்கும்போது இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரியை நீங்கள் காணலாம். பெயர் வெண்டெல் ஸ்ட்ரோ. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து, விடுப்புக் கடிதத்தில் அப்பா கையெழுத்து உண்மையா, பையன் போட்டதா என்று உற்றுப் பார்த்தே காலம் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவர். பையன்கள் போய்விட்டார்கள், பார்வை போகவில்லை.

அவருக்கும் ஒரு கார் உண்டு. அது ஓடாது. சரியான வருஷத்துத் திருகு ஒன்று கிடைக்காததால் கொட்டகையில் பிரித்துப் போட்டபடி கிடக்கிறது. தவறான திருகோடு ஓடுவதைவிடச் சரியான திருகுக்காகக் கிடப்பது மேல் என்பது அவர் கொள்கை. ஆகவே ஊரார் கார்களில் குற்றம் பார்க்க அவருக்கு நிறையப் பொழுதிருக்கிறது. இரண்டு குளிர்காலம் முதுகொடிய உழைத்துத் தன் காருக்குப் பச்சை அடித்த ஒருவரிடம் போய், ‘இது பொறக்கும்போது பச்சை இல்லையே’ என்பார். அந்த மனிதர் முகம் தொங்கினால், உடனே தன் தாரக மந்திரத்தைச் சொல்வார்: ‘நான் குறை சொல்லலை. தகடு சொல்லுது.’ நெருப்பு வைத்தவன் தீக்குச்சியைக் கைகாட்டுவது போல.

அப்படியொரு சனிக்கிழமை மெர்ல் கிரைடர் வந்திருந்தார். டயர் தொழிற்சாலையில் உழைத்து ஓய்ந்தவர், எண்பது வயது. வருஷா வருஷம் தம் அறுபத்தேழாம் வருஷத்துச் சிவப்பு ஜி.டி.ஓ.வைக் கொண்டுவந்து நிறுத்துவார். மடக்கு நாற்காலியில் அவர் பக்கத்தில் மனைவி நோர்மா, மடியில் சாண்ட்விச் டப்பா. மெர்லிடம் ஒரே ஒரு கதைதான் உண்டு. ஜி.டி.ஓ. என்றால் அந்தக் காலத்து இளவட்டங்களின் தூக்கத்தைக் கெடுத்த வண்டி. அதைப் புத்தம் புதிதாக வாங்கி, நோர்மாவின் அப்பா பண்ணைக்கு ஓட்டிக்கொண்டு போய், அந்த முரட்டு மனிதர் வாசலில் நிறுத்தி உறுமவிட்டுப் பெண் கேட்ட கதை. எல்லோருக்கும் மனப்பாடம். இருந்தாலும் கேட்பார்கள். நோர்மா சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். அவள் சிரிக்கும்போது அந்தக் கிழவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, இருபது வயசு குறைந்துவிடும்.

வெண்டெல் முகத்தைப் பார்க்கவில்லை. கதை பண்ணை வாசலை எட்டியபோது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறக்கலாமா என்று கேட்டார். திறப்பா, தாராளமா திற என்றார் மெர்ல். கதவு மாட்டும் தூணில்தான் அந்த வருஷத்து வண்டிகளுக்கு அடையாள எண் அடித்த தகடு. இரண்டு நான்கு இரண்டு என்று தொடங்கினால் ஜி.டி.ஓ. இரண்டு மூன்று ஏழு என்றால் லெ மான்ஸ். அதே உடம்பு, ஆனால் குடும்பஸ்தர்களுக்கென்று செய்த சாது வண்டி. வெண்டெல் டார்ச்சை அடித்தார். அவர் நெஞ்சு படபடத்தது. கல்யாணத்தன்றுகூட அப்படி அடித்துக்கொண்டிருக்காது.

“ரெண்டு மூணு ஏழு,” என்றார், கூடியிருந்த எல்லார் காதிலும் விழும்படி. “இது ஜி.டி.ஓ. இல்லை, பெரியவரே. வெறும் லெ மான்ஸ். இந்த எழுத்தெல்லாம் அப்புறமா யாரோ ஒட்டினது. நான் சொல்லலை, தகடு சொல்லுது.”

மெர்ல் கையிலிருந்த துணியால் துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார். பிறகு, அந்த எழுத்துகளைப் பழைய இரும்புக் கடையில் தேடி வாங்கித் தானேதான் ஒட்டினதாகத் தரையைப் பார்த்துச் சொன்னார். அசல் வண்டி வாங்க அப்போது வக்கில்லை. நோர்மா பக்கம் அவர் திரும்பவே இல்லை. வெண்டெலுக்கு இரக்கம்கூட வந்தது. லெ மான்ஸும் நல்ல வண்டிதான் என்று தோளில் தட்டினார். அந்தக் கையை ஒடித்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது.

நோர்மா டப்பாவை மூடினாள்.

“தம்பி, அந்த எழுத்து கோணலா ஒட்டியிருக்குறத நான் மொத நாளே பார்த்துட்டேன். எங்கப்பாவும் பார்த்தாரு. எங்களுக்குத் தெரியும்ங்கிறது மட்டும்தான் இந்த மனுஷனுக்குத் தெரியாது. இத்தனை வருஷமா அதைத்தான் நான் காப்பாத்திட்டு வந்தேன்.”

மெர்ல் அப்போதுதான் அவளைப் பார்த்தார்.

“அப்போ ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சுக்கிட்டேதான் சிரிச்சியா?”

அவர் என்ஜின் மூடியை இறக்கினார், நாற்காலிகளை மடக்கினார், பரிசு அறிவிக்குமுன் இருவரும் கிளம்பிவிட்டார்கள். அந்தக் கதையை மெர்ல் அதன் பிறகு சொல்லவில்லை. வெண்டெலோ, ‘பாத்தீங்களா, வீட்டம்மாவே ஒத்துக்கிட்டாங்க’ என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டு, அடுத்து நின்ற நீல வண்டிக்குப் போய்க் குனிந்தார்.

உங்களுக்கு வெண்டெல் மேல் கோபம் வருகிறது, நல்லது. ஆனால் போன முகூர்த்தத்தில் ஒரு நண்பர், மனைவிக்கு அசல் காஞ்சிபுரம் எடுத்ததாகப் பூரித்துச் சொன்னபோது, அந்த அம்மாளின் முந்தானை ஓரத்தைத் திருப்பிப் பார்த்தது யார்? அதுகூடப் போகட்டும். மேலே அந்த எண்களைப் படித்ததும், சரிதானா என்று தேடிப் பார்க்க உங்கள் கை கைபேசிப் பக்கம் போனதே, அதை நான் பார்க்கவில்லை என்றா நினைத்தீர்கள்?