பயணிகளுக்காக நிற்காத விமானம்

மனித நாகரிகம் எட்டிய உச்சங்களில் தலையாயது எங்கள் விமான நிலையம். நெருப்பும் சக்கரமும் அடுத்த இடங்களைப் பகிர்ந்துகொள்ளட்டும். இங்கிருந்து எதிர்த் தீவு விமான நிலையத்துக்குப் பறக்கும் நேரம் ஆறே நிமிடம். தூரமா? எங்கள் மொட்டைமாடியில் நின்றால் அந்தத் தீவில் காயும் துணி தெரியும். முன்பெல்லாம் ஜனங்கள் படகேறி அரை மணியில் போய்க்கொண்டிருந்தார்கள். அது விமானத்துக்கு அவமரியாதை என்று படகை நிறுத்திவிட்டோம்.

நான் இங்கே 'நேரந்தவறாமைப் பிரிவு'க்குத் தலைமை அதிகாரி. விமானம் தினமும் தாமதமாகிறதே என்று போன மாதம் கூட்டம் போட்டோம். விமானியை விசாரித்தோம், இயந்திரத்தைக் கழற்றிப் பார்த்தோம், மேகங்களைக்கூடக் கண்காணித்தோம். எல்லாரும் யோக்கியர்கள். கடைசியில் குற்றவாளி பிடிபட்டார்: பயணி! அவர்தான் வரிசையில் நிற்கிறார், பெல்ட்டைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். எங்கள் உத்தரவுப்படிதான் என்றாலும், செய்வது அவர்தானே? இனிப் பயணிகளுக்காக விமானம் நிற்காது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம். அன்று முதல் விமானம் ஒரு நொடியும் பிந்தியதில்லை. அதில் எவரும் ஏறியதுமில்லை.

நேற்று என் தங்கையின் கணவர் குழந்தைத் துணி நிறைந்த பையோடு விடியும்போதே வந்து வரிசையில் நின்றார். எதிர்த் தீவில் விமான நிலையத்தை ஒட்டிய ஆஸ்பத்திரியில் பிற்பகல் தங்கைக்குப் பிரசவ ஆபரேஷன். கத்தி என்றாலே நடுங்குகிறவள். அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவேன் என்று சொல்லியிருந்தாள்.

நண்பகலில் ஒருவழியாகக் கடைசி மேஜைக்கு வந்தார்.

"எதுக்குப் போறீங்க?" என்றார் எங்கள் ஊழியர்.

"பிரசவம் சார்."

"உங்களுக்கா?"

"என் மனைவிக்கு!"

"அப்ப அவங்கதானே போகணும்? கூப்பிடுங்க."

"அவ அங்கதான் சார் இருக்கா!"

"அவங்க போயாச்சுன்னா விஷயம் முடிஞ்சுபோச்சே. நீங்க எதுக்கு?"

எவ்வளவு கூர்மையான கேள்வி! எனக்குப் புல்லரித்தது. அதற்குள் விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். அவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"மச்சான்! ஒரு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க!"

"மாப்பிள்ளை, மொத்தப் பயணமே ஆறு நிமிஷம். அதுல ஒரு நிமிஷம் கேட்கிறீங்களே, மனசாட்சி வேண்டாமா?"

விமானம் கிளம்பியது. பாரமே இல்லாததால் ஐந்தரை நிமிடத்தில் தரையிறங்கிச் சாதனை படைத்தது. அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது. கேக் வெட்டினோம். மாப்பிள்ளைக்கும் ஒரு துண்டு நீட்டினேன். பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாங்கவில்லை. கொஞ்சம் கோபக்காரர்.

சாயங்காலம் தங்கை போன் செய்தாள். பெண் குழந்தையாம்.

"ரொம்ப சந்தோஷம்மா! நம்ம விமானம் வந்த வேகத்தைப் பார்த்தியா?"

"பார்த்தேன்ணா. ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டேதான் இருந்தேன். கதவு திறந்துச்சு, யாருமே இறங்கலை. அழுதுக்கிட்டே தனியா உள்ள போனேன்."

நான் ஐந்தரை நிமிடச் சாதனையைப் பதிவேட்டில் குறித்துக்கொண்டிருந்தேன்.

"குழந்தையோட அப்பா நேரத்துக்கு வரலையான்னு நர்ஸ் கேட்டாங்கண்ணா."

"நீ என்ன சொன்னே?"

"அவர் நேரத்துக்கு வந்துட்டாரு, எங்க அண்ணன்தான் விமானத்தை நேரத்துக்கு அனுப்பிட்டாருன்னு சொன்னேன்."