அலங்கார எழுத்துப் பிரியர்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்தில் சிமெண்ட் லாரிக்கு அடுத்தபடியாக அதிகம் தென்படும் இனம் ஒன்று உண்டு. அலங்கார எழுத்துப் பிரியர் என்று பெயர். இவருக்கு எழுத்து நேராக நிற்கக் கூடாது. சாய வேண்டும், சுழிய வேண்டும், கொம்பிலிருந்து ஒரு வால் கிளம்பிப் பக்கத்து வரியில் போய் இறங்க வேண்டும், மொத்தத்தில் யாரோ மயிலிறகால் எழுதியது போலிருக்க வேண்டும். இவருடைய சொந்தக் கையெழுத்து எப்படி என்கிறீர்களா? பாங்கில் செக்கை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள்.

நம் கலைவாணனையே எடுத்துக்கொள்ளுங்கள். மகளுக்குச் செட்டிகுளம் மலைக்கோயிலில் காதுகுத்து. பத்திரிகை அடிக்க அச்சகத்துக்குப் போனவர், அங்கே கம்ப்யூட்டரில் வேலை பார்க்கும் சிவரஞ்சனியை மூன்று நாள் உட்கார்த்தி வைத்து, நாற்பது வகை எழுத்தைப் புரட்டச் சொல்லி, கடைசியில் ஒன்றைப் பிடித்தார்.

"சார், பேரு மட்டும் சாதா எழுத்துல போட்டுடலாங்களா? படிக்க முடியலைங்க."

"படிக்கிறதுக்காம்மா பத்திரிகை? பாக்குறதுக்கு. பாக்குறவன் அசந்துடணும்."

அசந்துதான் போனார்கள்.

நம் ஊரில் பத்திரிகை வந்தால் தேதியையா முதலில் பார்க்கிறோம்? நம் பெயரை அல்லவா தேடுகிறோம். கலைவாணனும் அவர் மனைவி நர்மதாவும் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறியதும், செந்துறையில் நர்மதாவின் அண்ணன் செல்லதுரையும் தேடினார். முன்பக்கம், பின்பக்கம், உறை. எங்கும் காணோம். பிள்ளையை மடியில் உட்காரவைக்க வேண்டிய தாய்மாமன் அவர். பெயரில்லாத இடத்துக்குப் போவாரா?

காதுகுத்து அன்று பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறார். மடியைக் காணோம். நர்மதா போன் போட்டாள்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பேரு போடாத பத்திரிகைக்கு நான் எதுக்கும்மா? வேற மடி பாத்துக்கங்க."

அந்தப் பெண் கோயில் வாசலிலேயே அழுததைப் பார்த்தபோது எனக்குக் கேலியெல்லாம் மறந்துவிட்டது. கலைவாணன் போனை வாங்கினார்.

"மச்சான், மூணாவது வரியைப் பாருங்க."

காகிதம் சலசலத்தது.

"அங்க எழுத்து எங்க இருக்கு மாப்ள? ஒரு பூங்கொடிதான் போவுது."

"அந்தக் கொடிதான் மச்சான் நீங்க."

செல்லதுரை வண்டியை விரட்டிக்கொண்டு வந்து சேர்வதற்குள் நல்ல நேரம் முடிந்து, பிள்ளையும் தூங்கிவிட்டது. தூக்கத்திலேயே குத்தினார்கள். ஊர் திரும்பியும் ஒரு வாரம் நர்மதா கணவரோடு பேசவில்லை. மனிதர் திருந்தியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? தெருமுக்கில் நன்றி பேனர் கட்டியிருக்கிறார், போய்ப் பாருங்கள். அதே எழுத்து. மச்சான் மனம் குளிர வேண்டுமாம். அவர் பெயருக்கு மட்டும் இரண்டு சுழி அதிகம்.

சிரித்தது போதும். உங்கள் வீட்டு வாசலில் தங்க நிறத்தில் வளைத்து நெளித்து ஆசையாக ஒரு பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறீர்களே, கூரியர்காரர் அதற்கு நேர் எதிரே நின்றுகொண்டுதான் உங்களுக்குப் போன் செய்கிறார்: "சார், வூடு எதுங்க?"