மூளைக்குத் தீனி

எல்லாம் உன்னால் வந்த வினை. வளர்க்கிற எலிக்குத் தீனியைத் தட்டில் வைக்காதீர்கள், டப்பாவுக்குள் ஒளித்து வையுங்கள், தேடித் தின்றால்தான் அதற்கு அறிவு வளரும் என்று செல்போனுக்குள் வந்து பல்லைக் காட்டிக்கொண்டு சொன்னாயே, உன்னைத்தான் சொல்கிறேன். சொல்லிவிட்டு நீ அடுத்த வீடியோவுக்குப் போய்விட்டாய். இங்கே ஒருவனுக்கு வயிறு காய்ந்தது. அதைக் கேட்டுவிட்டுப் போ.

ஒரு காட்டில், சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கிற ஒரே புளியமரத்தில், செண்பகவல்லி என்ற மந்தி குடியிருந்தாள். எதிர்மரத்துக் கரடி கிளி வளர்த்தது. ஓடைக்கரை நரி ஆமை வளர்த்தது. நாம் மட்டும் எதையும் வளர்க்காமல் இருந்தால் நாலு பேர் மதிக்கமாட்டார்கள் என்று செண்பகவல்லி எலி வளர்க்க ஆசைப்பட்டாள்.

சேதி கேட்டுக் கொறிமுத்து வந்தான். சந்தையில் அரிசி மூட்டைக்கு அடியில் பிறந்த எலி அவன். மிதிபட்டும் துடைப்பத்தால் அடிபட்டும் வளர்ந்தவன். படிப்பெல்லாம் மூட்டைக்கு மேலே நடந்த பேரங்களைக் காதில் வாங்கியதுதான். முதலில் சொன்ன விலைக்கு எதையும் ஒப்புக்கொண்டது கிடையாது. கோபமோ மூக்கு நுனியில். ஆனால் அவனுக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. யாராவது ஒருத்தர் தட்டில் வைத்துத் தர வேண்டும், அதைத் திரும்பித் திரும்பிப் பார்க்காமல், மூச்சிரைக்காமல், சம்மணம் போட்டு உட்கார்ந்து தின்ன வேண்டும். பிறந்ததிலிருந்து அப்படி ஒரு வாய் தின்றதில்லை.

"நல்லா அன்பா வளர்ப்பேன்ப்பா," என்றாள் செண்பகவல்லி.

"அன்பை அப்புறம் பேசுவோம். தீனி எப்படி?"

"அது இல்லாமலா? வயித்துக்கும் தீனி போடுவேன், மூளைக்கும் தீனி போடுவேன்."

கொறிமுத்துவின் மீசை துடிப்பதை நிறுத்திவிட்டது. ஒன்று கேட்டால் இரண்டு தருகிறாளே. மூளைக்கென்று தனியாக ஒரு பங்கு என்றால், அது பாதாம் முந்திரியாகத்தான் இருக்கும். மேலே பேசினால் எங்கே குறைத்துவிடுவாளோ என்று பயந்து, வாழ்க்கையில் முதல் முறையாகப் பேரம் பேசாமல் தலையாட்டினான். கூடவே சோணை என்று இன்னொரு எலியும் சேர்ந்தது. சோணைக்கு வாசல் எது, சுவர் எது என்பதிலேயே குழப்பம் உண்டு.

மறுநாள் காலை கொறிமுத்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். எதிரே ஒரு தீப்பெட்டியை வைத்தாள்.

"கடலை உள்ள இருக்கு. கண்டுபிடி பாப்போம்."

"கண்டுபிடிக்க என்ன இருக்கு? நீங்கதான உள்ள வச்சீங்க?"

"அதான்டா மூளைக்குத் தீனி."

பசி. தள்ளினான், தின்றான். செண்பகவல்லிக்குப் புல்லரித்துப்போயிற்று. அதே தீப்பெட்டியில் வேறு கடலை போட்டுச் சோணை பக்கம் வைத்தாள். சோணை அதை மோந்து பார்த்து, அதன்மேல் ஏறிப் படுத்துத் தூங்கிவிட்டது. "ஐயோ பாவம், பிள்ளைக்குத் தெரியலையே," என்று அதை மடியில் போட்டு, கடலையை உரித்து உரித்து வாயில் ஊட்டினாள்.

கொறிமுத்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

அன்றிலிருந்து பெட்டிகள் பெருத்தன. செய்தித்தாளைச் சுருட்டி இரு முனையும் மடித்த குழல். இரண்டு கொட்டாங்கச்சியைச் சேர்த்துச் சணலால் கட்டிய உருண்டை. மூங்கில் குழாய்க்குள் துணி அடைத்து, அதற்குள் இன்னொரு குழாய். செண்பகவல்லி சாப்பாட்டு நேரத்தைக்கூட மறந்து செய்தாள். கைவேலை சுத்தம், அதைக் குறை சொல்ல முடியாது. கொறிமுத்து திட்டிக்கொண்டே திறப்பான். திறந்ததற்குப் பரிசாக இதைவிடக் கடினமான பெட்டி வரும். பக்கத்தில் சோணை மல்லாந்து படுத்து வாயைத் திறந்து வைத்திருக்கும்.

"டேய் சோணை, எனக்கு ரெண்டு கடலை தள்ளுடா."

"நீங்க தொறந்து தின்னுங்கண்ணே. உங்களுக்கு அது விளையாட்டு."

ஒருநாள் கொறிமுத்து கொட்டாங்கச்சியின்மேல் ஏறிப் படுத்து, சோணை மாதிரியே கண்ணை மூடிக்கொண்டான். செண்பகவல்லி செல்போனைத் தட்டிப் பார்த்தாள். புத்திசாலி எலி சும்மா படுத்தால் அதற்குச் சலித்துவிட்டது, இன்னும் கடினமாகக் கொடுங்கள் என்று நீ அதிலும் சொல்லி வைத்திருந்தாய்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா, நானும் மக்குதான்," என்று நேராகவே சொல்லிப் பார்த்தான்.

செண்பகவல்லி சிரித்தாள். "எந்த மக்குடா தன்னை மக்குன்னு ஒத்துக்கும்? அதைக் கண்டுபிடிக்கவே தனி அறிவு வேணும்."

மறுநாள் ஒரு பலாமரப் பெட்டி வந்தது. மூடியை இறுக்க ஓர் ஆப்பு, அதற்கொரு கயிறு, கயிற்றுக்கு முடிச்சு, முடிச்சுக்கு மேல் அரக்கு. காடே கூடி நின்று பார்த்தது. கொறிமுத்துவின் பல் கூசியது. வெயில் ஏறி இறங்கியபோது ஆப்பு கழன்றது. உள்ளே தலையை விட்டான்.

ஒன்றுமில்லை. பெட்டி செய்கிற மும்முரத்தில் கடலை வைக்க மறந்திருந்தாள்.

அவன் வாயைத் திறப்பதற்குள் செண்பகவல்லி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். கண்ணில் தண்ணீர். "பாத்தீங்களா? திங்கிறதுக்காக இல்ல, தெரிஞ்சுக்கிறதுக்காகவே தொறக்கிறான். இனிமே இவனுக்குத் தீனியே தேவையில்ல."

கரடி கை தட்டியது.

கொறிமுத்துவுக்கு ரத்தம் கொதித்தது. செண்பகவல்லி தனக்கென்று வைத்திருந்த மலைவாழைப்பழத்தைத் தூக்கி அதே பெட்டிக்குள் போட்டான். ஆப்பை அடித்தான். ஆப்பின் தலையை மொட்டையாகக் கொறித்து, கை பிடிக்க ஒன்றுமில்லாமல் செய்தான். "இந்தாங்கம்மா, மூளைக்குத் தீனி," என்று கொடுத்தான்.

செண்பகவல்லி குலுக்கினாள். மரத்தில் அடித்தாள். பூட்டித்தான் அவளுக்குப் பழக்கம், திறந்து பழக்கமில்லை. கடைசியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். ஐயோ பாவம் என்று கரடி தேனடை கொண்டுவந்து வாயில் ஊட்டியது. நரி நாவற்பழம் ஊட்டியது. கிளிகூட ஒரு கொய்யாத் துண்டைக் கொத்திவந்து ஊட்டியது. கொறிமுத்து பட்டினியாக நின்று பார்த்தான்.

வயிறு நிறைந்ததும் செண்பகவல்லி மூக்கைத் துடைத்தாள். "நீயே தொறந்து குடுடா. பாதிப் பழம் உனக்கு."

இந்தத் தடவை அவன் ஏமாறவில்லை. பேரம் பேசினான். "தட்டுல வச்சுத் தரணும். எனக்கு முன்னாடி வைக்கணும். நான் உக்காந்து திங்கணும். இத்தனை பேரும் சாட்சி."

"தட்டுலயே வைக்கிறேன். சத்தியம்."

இடுக்கில் பல்லை நுழைத்து ஆப்பை நெம்பித் திறந்தான். பழம் வந்தது. செண்பகவல்லி சொன்ன சொல் தவறாதவள். பழத்தைச் சரிபாதியாக்கினாள். ஒரு பாதியைச் சோணைக்கு ஊட்டினாள். மறு பாதியைப் பெட்டியில் வைத்து, ஆப்பை அடித்து, அரக்கும் பூசி, பெட்டியைத் தட்டில் வைத்து, கொறிமுத்துவுக்கு முன்னால் நகர்த்தினாள்.

சாட்சிகள் எல்லாரும் சரிதான் என்றார்கள்.

நீதி: திறக்கத் தெரிந்தவனுக்குப் பூட்டு, தெரியாதவனுக்கு ஊட்டு.

நீதி வந்துவிட்டது, கதை முடிந்தது என்று நழுவப் பார்க்காதே. அவன் இன்னும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். நீயே வா. உன் கையால் அந்த ஆப்பைப் பிடுங்கு, பழத்தை எடுத்து வெறுந்தட்டில் வை, வாயை மூடிக்கொண்டு தள்ளி நில்.