சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பவர்

ஆண்களில் ஓர் இனம் உண்டு. பகலில் பார்த்தால் அடையாளமே தெரியாது. காட்டுப்பாக்கத்து அடுக்ககம் ஒன்றின் கீழே காரைக் கழுவிக்கொண்டிருப்பார். குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தண்ணீர் லாரியைப் பற்றி ஆவேசமாக முழங்குவார். அடுத்த வீட்டு இன்வெர்ட்டர் போடும் சத்தத்தை வைத்தே பேட்டரியின் ஆயுளைக் கணித்துவிடுவார். எதிர்வீட்டுக்காரருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் எந்த மருத்துவரை, எந்தக் கிழமையில், எந்த வாசல் வழியாகப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லி, ஆட்டோவிலும் ஏற்றி அனுப்புவார். உலகத்தில் உள்ள கோளாறுகளுக்கெல்லாம் அவரிடம் வழி உண்டு. ஒரே ஒரு கோளாறைத் தவிர.

கட்டிலில் தொடங்கிய காரியம் தொடங்கிய சுருக்கிலேயே, பெரும்பாலும் சேர்வதற்கு முன்னாலேயே, முடிந்துபோகும். முடிந்ததும் மனிதர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். மனைவி மெல்ல "என்னங்க?" என்றால், சுவரிலிருந்து பதில் வரும்: "ஒண்ணுமில்ல. ஆபீஸ்ல டென்ஷன்."

இந்த இனத்துக்குச் 'சுவர்ப்பக்கத்தார்' என்று பெயர் வைப்போம். சிரிக்காதீர்கள். கொஞ்ச நேரத்துக்காவது அடக்கிக்கொள்ளுங்கள்.

இவர்களில் உயர்ந்த ரகம் கார்த்திகேசன். திண்டுக்கல்லில் பிறந்து, சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் டெஸ்டிங் குழுவுக்குத் தலைவராக உயர்ந்தவர். மற்றவர்கள் எழுதியதில் தப்புக் கண்டுபிடிப்பதுதான் தொழில். புதிதாகச் சேர்ந்தவர்களிடம் அவர் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு: "தப்பு இருக்கிறது தப்பில்ல. அதை மறைக்கிறதுதான் தப்பு." எல்லோரும் தலையாட்டுவார்கள். சிலர் எழுதியும் வைத்துக்கொள்வார்கள்.

அவர் மனைவி ஜெயப்பிரியா ஆவடி பாதுகாப்புத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள். அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர் பம்பு தயாரிக்கும் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார்ப் பிரிவில் வேலை. காலையிலிருந்து மாலைவரை மோட்டார் ஓடாதவர்கள், ஓடியும் தண்ணீர் வராதவர்கள், வந்த தண்ணீர் நிற்காதவர்கள் எல்லாரும் போனில் கத்துவார்கள். அவள் நிதானமாகக் கேட்டு ஆவன செய்வாள். அப்பேர்ப்பட்டவளின் வீட்டிலேயே ஒரு புகார் பதிவாகாமல் கிடந்தது. கேட்க ஆள் இருந்தாள். சொல்லத்தான் ஆள் இல்லை.

தொடக்கத்தில், நம் ஊரில் பெண்களுக்கு யாரும் சொல்லித்தராமலே பழகிப்போகும் அந்த வார்த்தையை அவளும் சொன்னாள்: "பரவாயில்லைங்க." சொல்லிவிட்டு, கணக்கில் ஃபெயிலான பிள்ளையைத் தேற்றுவதுபோல முதுகில் தட்டியும் கொடுத்தாள். அந்தத் தட்டலில் மனிதர் சுவரை நோக்கி இன்னும் கொஞ்சம் நகர்ந்தார்.

பிறகு மதிய உணவு நேரங்களில் போனில் தேடிப் படித்தாள். உலகத்தில் எத்தனையோ ஆண்களுக்கு இருப்பதுதான் இது, பயமும் பதற்றமும் சேர்ந்தால் கூடும், மருத்துவம் உண்டு, கணவனும் மனைவியும் சேர்ந்து பழக வேண்டிய முறைகளும் உண்டு என்றெல்லாம் தெரிந்தது. தெரிந்ததும் மனசு லேசாயிற்று. பாவம், விஷயம் தெரிந்தால் போதும், அவருக்கும் லேசாகிவிடும் என்று நம்பினாள். ஒரு ஞாயிறு காலை காபியோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, நாம ரெண்டு பேருமா ஒரு டாக்டரைப் பார்த்துட்டு வரலாமா?"

"ஏன், உனக்கு என்ன உடம்புக்கு?"

"எனக்கு இல்ல. நமக்கு."

"நமக்கு என்ன? நீ கண்டதைப் படிச்சுட்டு மனசைக் குழப்பிக்கிற. எனக்கு ஒண்ணுமில்ல."

சொல்லிவிட்டு எழுந்துபோய் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு வாஷிங் மெஷினின் பின்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த மெஷினில் ஒரு பழுதும் இல்லை. சுவர்ப்பக்கத்தாரின் வீட்டில் எல்லாச் சாமான்களும் நல்ல நிலையில் இருப்பதன் ரகசியம் இதுதான்.

இதற்குள் திண்டுக்கல்லிலிருந்து மாமியார் சாவித்திரியின் போன்கள் வரத் தொடங்கியிருந்தன. "விசேஷம் ஏதும் உண்டாம்மா?" என்று ஆரம்பித்து, "நல்ல லேடி டாக்டரா பார்த்து உன் உடம்பை ஒரு தடவை முழுசா காட்டிடு" என்று முடியும். போன் ஸ்பீக்கரில் இருக்கும். பிள்ளையாண்டான் பக்கத்திலேயே நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை? ஊஹூம். ஜெயப்பிரியா ரத்தம் கொடுத்தாள், கர்ப்பப்பைக்கு ஸ்கேன் எடுத்தாள். அவர் என்ன செய்தார் என்கிறீர்களா? பொறுப்பான கணவராக வண்டி ஓட்டினார்.

ஆனாலும் அவர் சும்மா இருந்தார் என்று சொன்னால் அநியாயம். கரையான்சாவடியில் செல்போன் கவர் கடை வைத்திருக்கும் யூசுப், ஜிம்மில் பழக்கமானவன். அவனிடம் போய், கவர் பார்ப்பதுபோல் நின்று, தொண்டையைச் செருமினார்.

"யூசுப், என் ஃபிரெண்டு ஒருத்தனுக்கு ஒரு பிரச்சனை."

"இன்னா பிரச்சனை?"

சொன்னார். அதாவது, தன்னைத் தவிர மற்ற எல்லா விவரங்களையும் சொன்னார்.

"அட, இதுக்குப் போய் இன்னாத்துக்கு மாமே மூஞ்ச தொங்கப் போட்டுகினு கீற? ஒரு லேகியம் கீது."

"டாக்டர்கிட்ட போகணுமோன்னு..."

"டாக்டராண்ட போனா ஆயிரம் கேள்வி கேப்பாரு. லேகியம் ஒரு கேள்வி கேக்குமா?"

இதைவிடச் சிறந்த மருத்துவத் தத்துவத்தைக் கார்த்திகேசன் கேட்டதில்லை. கேள்வி கேட்காத மருந்து! லாட்ஜ் அறை ஒன்றில் வாரம் ஒருமுறை வந்து உட்காரும் வைத்தியரிடம், முகத்தில் மாஸ்க்கும் தலையில் ஹெல்மெட்டுமாகப் போய் வாங்கிவந்தார். லேபிளைச் சுரண்டி எறிந்துவிட்டு, சமையலறை அலமாரியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் டப்பாவை வைத்தார். "அசிடிட்டிக்கு" என்றார். ஜெயப்பிரியாவும் நம்பினாள். லேகியம் என்ன செய்தது? காது இரண்டும் சூடாயின, நெஞ்சு படபடத்தது. கூடவே படுத்திருந்த பயத்தை அது ஒன்றும் செய்யவில்லை. சுவருக்கும் அவருக்கும் இருந்த நட்பு அப்படியே தொடர்ந்தது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமை. ஜெயப்பிரியாவின் அப்பா சண்முகசுந்தரம் வேப்பம்பட்டிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்தார். திருநெல்வேலிக்காரர், தொழிற்சாலையில் ரிட்டையர் ஆனபின் அங்கே வீடு கட்டிக்கொண்டு தனியாக இருப்பவர். இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். பிரியாணி என்றால் அதை மறந்துவிடுகிறவர். சாப்பிட்டு முடித்ததும் நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

"எம்மா, நெஞ்சு கரிக்கே. எதாவது இருக்கா?"

"அவர் அசிடிட்டிக்குச் சாப்பிடுற லேகியம் இருக்குப்பா."

மகள் பாசத்தோடு ஒரு பெரிய கரண்டி கொடுத்தாள். கீழே கார் நிறுத்துவது சம்பந்தமாக நியாயம் பேசிவிட்டு மேலே வந்த கார்த்திகேசன், கரண்டியை நக்கிக்கொண்டிருந்த மாமனாரைப் பார்த்தார்.

"மாப்ளே, லேகியம் நல்ல இனிப்பா இருக்கு."

கார்த்திகேசனின் வாய் திறந்தது. மூடியது. ஜெயப்பிரியா அதைக் கவனித்தாள், காரணம்தான் புரியவில்லை. "உங்களுக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

சற்று நேரத்தில் பெரியவருக்கு முகம் சிவந்தது, வேர்த்தது, "கண்ணு இருட்டுதும்மா" என்றபடி நாற்காலியில் சரிந்தார். இருவரும் தூக்கிப்பிடித்துக் காரில் போட்டுக்கொண்டு பக்கத்து மருத்துவமனைக்கு ஓடினார்கள். மருத்துவர் பத்மா நாடியைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"என்ன சாப்பிட்டார்?"

"பிரியாணி டாக்டர். அப்புறம் அசிடிட்டி லேகியம்."

"அதுல என்ன கலந்திருக்கு? பிரஷர் ரொம்ப இறங்கியிருக்கு. இவர் போடுற இருதய மாத்திரையோட சில மருந்து சேரவே கூடாது. என்னன்னு தெரிஞ்சாத்தான் எதைக் குடுக்கலாம், எதை நிறுத்தணும்னு நான் முடிவு பண்ண முடியும்."

ஜெயப்பிரியா கணவனைப் பார்த்தாள். கார்த்திகேசன் சுவரைப் பார்த்தார். ஆஸ்பத்திரியிலும் சுவர் இருக்கிறது அல்லவா? அதில் கை கழுவும் முறை பற்றி ஒரு படம் ஒட்டியிருந்தது. அதை அவர் மிகுந்த அக்கறையோடு படித்தார்.

"என்னங்க, அது அசிடிட்டிக்குத்தானே?"

"அது வந்து... என் ஃபிரெண்டு ஒருத்தனோடது."

உயிருக்குப் போராடும் மாமனார் ஒருபுறம், மானம் ஒருபுறம். தராசில் மானம்தான் இன்னும் கொஞ்சம் கனமாக இருந்தது. இந்த இனத்தின் முழு உயரத்தையும் பார்க்க வேண்டுமானால், அந்த நிமிஷத்தில் பார்த்திருக்க வேண்டும்.

ஜெயப்பிரியாவுக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றோடொன்று சேர்ந்தது. டப்பா, சுரண்டிய லேபிள், சிவந்த காதுகள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆனால் தினம் நூறு பேரின் கத்தலைக் கேட்டுப் பழகிய அவள் குரல் உயரவில்லை.

"எங்கப்பா அங்க படுத்திருக்கார். சொல்லுங்க."

சொன்னார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கும் கேட்கும்படியாகத்தான் சொன்னார். பயத்தில் குரல் அளவு மீறிவிட்டது. "எனக்குத்தான் டாக்டர்! சீக்கிரம் ஆயிடுது. அதுக்கு வாங்கினது."

வானம் இடிந்து விழவில்லை. திரைக்கு அப்பால் யாரோ இருமினார்கள். நர்ஸ் பெரியவரின் கையில் பிரஷர் பட்டையைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பத்மாவின் முகத்தில் சிரிப்பும் இல்லை, அதிர்ச்சியும் இல்லை. "இந்த மாதிரி லேகியத்துல இங்கிலீஷ் மாத்திரையைப் பொடிச்சுக் கலக்கிறாங்க. கால் பக்கத்தை உயர்த்துங்க, டிரிப்ஸ் போடுங்க, இருதய மாத்திரையை நான் சொல்ற வரைக்கும் குடுக்காதீங்க" என்று மளமளவென்று உத்தரவிட்டார். கார்த்திகேசனிடம் அவர் சொன்னது ஒன்றுதான்: "இதை முதல்லயே ஒரு டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். ரொம்பச் சாதாரணமா வர்றதுதானே."

இத்தனை நாள் தலைமேல் சுமந்த மலையை ஒரு பெண்மணி 'சாதாரணம்' என்று சொல்லிவிட்டுப் போனதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்திருக்கலாம்.

சாயங்காலம் பெரியவர் எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார். காதில் விழ வேண்டியதெல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. மருமகனைப் பார்த்து, "மாப்ளே, லேகியம் உங்களுக்கு வேலை செஞ்சுதோ என்னமோ, எனக்கு நல்லா செஞ்சிட்டு" என்றார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். அந்த நாசூக்குக்காக ஜெயப்பிரியா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். கார்த்திகேசன் "ஸாரி" என்றார்.

"எங்கப்பாவுக்கு ஏதாவது ஆகியிருந்தா, அப்பவும் ஃபிரெண்டுதானா?"

அவர் கார்ச் சாவியை உள்ளங்கையில் புரட்டிக்கொண்டிருந்தார்.

"ஸ்கேன் எடுக்கப் போனப்ப வண்டிய நீங்கதானே ஓட்டினீங்க? உள்ள என்னைப் படுக்க வெச்சாங்க. வெளிய நீங்க மொபைல் பார்த்துக்கிட்டு இருந்தீங்க. கோளாறு எங்கன்னு உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சும் அனுப்பினீங்க."

அவர் தலை குனிந்தது. இந்த முறை பார்த்துக்கொள்ளச் சுவரும் இல்லை. எதிரே நடைபாதையும் ஒரு குப்பைத் தொட்டியும்தான்.

"நானும் ஒரு பொய் சொல்லிட்டேன்" என்றாள். "பரவாயில்ல, பரவாயில்லன்னு. எனக்கு வருத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா சீக்கிரம் முடிஞ்சுபோறதுக்கு இல்ல. முடிஞ்ச உடனே நீங்க காணாமப் போயிடுறீங்க. பக்கத்துலயே படுத்துக்கிட்டு எங்க போறீங்கன்னே தெரியல. அதைத்தான் என்னால தாங்க முடியல."

கார்த்திகேசன் அழுதார். சங்கக் கூட்டத்தில் முழங்குகிற அதே மனிதர்தான்.

அந்த வாரமே இருவரும் சேர்ந்து, பத்மா சொன்ன மருத்துவரிடம் போனார்கள். அவர் கேட்ட ஆயிரம் கேள்விகளில் ஒன்றுக்கும் யாரும் செத்துப்போகவில்லை. கட்டில் பரீட்சை ஹால் இல்லை என்றார். சில வாரங்களுக்கு 'அந்தக் காரியம்' வேண்டாம், பக்கத்தில் இருங்கள், தொட்டுப் பேசிக்கொண்டிருங்கள், அவ்வளவு போதும் என்றார். பிறகு பதற்றம் ஏறும்போது நிறுத்துவதையும், மூச்சு அடங்கியதும் தொடர்வதையும் இருவருக்குமாகச் சொல்லிக்கொடுத்தார். கூடவே ஒரு சின்ன மாத்திரை. நிறுத்தச் சொல்ல வேண்டிய முதல் சந்தர்ப்பத்தில் கார்த்திகேசன், ஆபீஸ் பழக்கத்தில், "ஹோல்டு பண்ணு, ஒரு இஷ்யூ இருக்கு" என்றுவிட்டார். ஜெயப்பிரியா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்த அறையில் இருவரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை. பாதி வைத்தியம் அதிலேயே நடந்துவிட்டது என்று அவள் இன்றைக்கும் நம்புகிறாள்.

திண்டுக்கல் போனையும் அவரே எடுத்தார்.

"அம்மா, இனிமே பிரியாவைக் கேக்காதீங்க. டாக்டரைப் பார்க்கிறது நான்தான்."

"உனக்கென்னடா குறை? ராஜா மாதிரி இருக்க!"

"ராஜாவுக்கும் அரண்மனையில வைத்தியர் இருந்தாரும்மா."

எல்லாம் சரியாகிவிட்டதா? கதையில்தான் எல்லாம் சரியாகும். பெரும்பாலான நாட்கள் நன்றாகவே போகின்றன. சில நாட்கள் பழையபடி சட்டென்று முடிந்துபோகின்றன. அந்த நாட்களில் கார்த்திகேசன் கொஞ்ச நேரம் மேலே சுழலும் ஃபேனைப் பார்த்துவிட்டு, அவள் பக்கம் திரும்பிப் படுக்கிறார். அவளும் பரவாயில்லை என்று சொல்வதில்லை. அன்றைக்கு எஸ்டேட்டில் எந்த ஊர்க்காரர் என்ன சொல்லித் திட்டினார் என்று கதை சொல்கிறாள்.

சரி, நீங்கள் இப்போது தாராளமாகச் சிரிக்கலாம். இப்படியும் இருப்பார்களா என்று வியக்கவும் செய்யலாம். உங்கள் வீட்டில் அப்படி ஒன்றும் கிடையாது, எனக்குத் தெரியும். ஆகவே ஒரே ஓர் உதவி செய்யுங்கள். இதை இப்படி வாய்க்குள்ளேயே படிக்காமல், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உங்கள் துணைக்குக் கேட்கும்படி உரக்க, முதல் வரியிலிருந்து ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.

என்ன, தொண்டை கட்டிக்கொண்டதா?