மாப்பிள்ளைக்கு வாங்கிய வாட்ச் நின்றுபோனது பற்றி

திருமுக்கூடல் பெருமாள் துணை

காவாந்தண்டலம்,
வியாழக்கிழமை

அம்பத்தூரில் பெண்டாட்டி பிள்ளைகளோடு பெருமாள் புண்ணியத்தில் குறையில்லாமல் இருக்கும் என் தம்பி தமிழ்வாணனுக்கு, உன் அக்கா ஆதிலட்சுமி இரண்டு கையும் தூக்கி ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் கீர்த்தியும் சுகம். சுகம் என்று எழுதுவது வழக்கம் என்பதால் எழுதினேன். உண்மையில் எனக்குப் போன வெள்ளிக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். கூடத்தில் நின்றால்தான் சிக்னல் வருகிறது, கூடத்தில் உன் மாமா உட்கார்ந்திருக்கிறார். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம் என்றால் அந்தப் போன் கீர்த்தி கையில். அதனால்தான் உத்திரமேரூர் போய்த் தபால் கவர் வாங்கி வந்து எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடு.

கீர்த்தி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தினேஷ்குமாருக்குப் போட வேண்டியதில் செயின் ஆயிற்று, மோதிரம் ஆயிற்று, வாட்ச் ஒன்றுதான் பாக்கி என்று உனக்குத் தெரியும். அதை வாங்கத்தான் உன் மாமா காஞ்சிபுரம் போனார். அங்கே மஹபூப் பாஷா என்று அவருக்குப் பழக்கமான வாட்ச் கடைக்காரர் இருக்கிறார். நல்ல மனுஷர், பொய் சொல்லவே தெரியாது, அதனால்தான் எனக்கு இவ்வளவு கஷ்டம். அவர் கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஃபாரின் வாட்ச் ஒன்று பல வருஷமாக விற்காமல் கிடந்திருக்கிறது. யாரோ ஒரு பட்டு முதலாளி ஆர்டர் கொடுத்து வரவழைத்தாராம், பிறகு எடுத்துக்கொள்ள வரவே இல்லையாம். ஏன் வரவில்லை என்று உன் மாமா கேட்கவில்லை. பாதி விலை என்று சொன்ன பிறகு அவர் காது வேறு எதையும் கேட்காது. வாங்கிக்கொண்டு வந்து கூடத்தில் நின்று கையைத் தூக்கிக் காட்டுகிறார்.

"சுவிஸ் சரக்குடி இது! நம்ம தாலுக்காவுல எவன் கையிலயும் கெடயாது."

"இத்தினி வருசமா ஏன் விக்கல?"

"நம்ம மாப்பிள்ளைக்கோசரம் காத்துக்கினு இருந்துச்சு."

"ஆர்டர் குடுத்த ஆளு இன்னா ஆனாரு?"

"எனக்கு இன்னாடி தெரியும்? வாங்குனமா, போட்டமான்னு இல்லாம!"

விலையை நான் இங்கே எழுதப்போவதில்லை, கவர் யார் கையில் பிரியுமோ. வரவு செலவு நோட்டில் அதைக் கல்யாணச் செலவு என்ற தலைப்பில் எழுத எனக்குக் கை வரவில்லை. மாட்டுச் செலவு என்று எழுதி வைத்திருக்கிறேன். அது எவ்வளவு பொருத்தம் என்று போகப் போகத் தெரியும்.

நம் வீட்டில் எது வாங்கினாலும் பெருமாள் படத்துக்கு முன்னால் வைத்து எடுத்த பிறகுதானே தொடுவோம். வாட்சைத் தாம்பாளத்தில் வைத்துக் கண்ணாடி மேல் மஞ்சள் தடவி, குங்குமம் இட்டு, கற்பூரம் காட்டி, ராத்திரி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் விளக்கேற்றும்போது ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் சாதம் படைக்கப் போனேன், நின்றிருந்தது. பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு மேல் பன்னிரண்டு வரை என்ன காலம் என்று உனக்கே தெரியும், ராகு காலம். பெருமாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நின்றிருக்கிறது. எடுத்தேன் தம்பி. எடுத்த கையில் அது திரும்ப ஓட ஆரம்பித்தது. நான் போட்ட சத்தத்தில் ரசம் பொங்கி அடுப்பு அணைந்ததுகூட எனக்குத் தெரியவில்லை.

உன் மாமா சிரிக்கிறார். நானே பாஷா பாய்க்குப் போன் போட்டேன்.

"பேஜாராவாதீங்கம்மா. அதுல செல்லே கெடயாது. கை ஆட ஆட உள்ள தானா சாவி ஏறும். கயட்டி வெச்சீங்கன்னா கொஞ்ச நேரம் ஓடும், அப்பறம் நின்னுடும். மறுபடி கட்டினா ஓடும்."

"மனுசன் கட்டினாதான் ஓடுமா பாய்?"

"ஆமாம்மா."

"மனுசன் நின்னுட்டா?"

"அதுவும் நின்னுடும்மா," என்றார். பொய் சொல்லத் தெரியாதவர் என்று சொன்னேன் இல்லையா.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. மாப்பிள்ளை குளிக்கக் கழற்றுவார், காய்ச்சல் என்று இரண்டு நாள் படுப்பார், மறந்து அலமாரியில் வைப்பார். நம் கீர்த்தி ஒவ்வொரு தடவையும் அந்த முள்ளைப் பார்த்துப் பார்த்துத் தாலியைத் தொட்டுக்கொண்டா குடித்தனம் நடத்துவாள்? சரியாகத் தாலி ஏறும் நேரத்தில் அந்தக் கையில் நின்றுபோனால் என்ன செய்வது? நின்ற கடிகாரத்தை வீட்டில் வைக்கக்கூடாது என்பாள் நம் அம்மா, மாட்டைக் கட்ட மறந்தாலும் இதைச் சொல்ல மறக்கமாட்டாள். கல்யாணத்துக்கு நாள் குறித்த வீட்டில் அது ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது என்று நான் முடிவு பண்ணினேன்.

முதலில் உன் மாமாவே கட்டிக்கொண்டு கழனிக்குப் போனார். வரப்பில் போனவர் வந்தவர் எல்லாம், "இன்னா தாமோதரா, நெலத்த வித்துட்டியா?" என்று கேட்டிருக்கிறார்கள். சாயங்காலமே மனை புரோக்கர் ஒருவன் பைக்கில் வந்து, மிச்ச நிலத்துக்கு என்ன சொல்கிறீர்கள் என்று வாசலில் நிற்கிறான். போதுமடி என்று அவர் கழற்றிவிட்டார். கீர்த்தியைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். "ம்மா, அது வெறும் மெஷின். எதுக்கும்மா உயிர வாங்கற?" என்றாள். கல்யாணப் பெண் வாயில் அந்த வார்த்தை வரலாமா? வாயைப் பொத்தி, நெற்றியில் திருமண் இட்டுவிட்டேன்.

ஓயாமல் அசைகிற ஜீவன் வீட்டில் வேறு எது என்று யோசித்தேன். நம் செவலைப் பசு! படுத்தாலும் அசை போடும், ஈ உட்கார்ந்தால் கழுத்தை உதறும். மகாலட்சுமி பசுவின் பின்பக்கம் வாசம் செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும், ஆனால் அங்கே கட்ட வழியில்லை. அதனால் கழுத்துக் கயிற்றில், மணிக்குப் பக்கத்தில், துணி சுற்றிக் கட்டிவிட்டு அன்றைக்குத்தான் கொஞ்சம் கண்ணயர்ந்தேன். காலையில் பால் வாங்க வந்த அடுத்த வீட்டுச் செங்கேணி, துணி விலகி வாட்ச் தெரிவதைப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்து நிற்கிறாள். "இன்னாக்கா, உங்க மாடு ஆபீசுக்குப் போவுதா? எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

அவளுக்குப் பதில் சொல்லிப் பாலை அளந்து ஊற்றிவிட்டுத் திரும்புவதற்குள், உன் மாமா எதையும் பார்க்காமல் மாட்டை ஏரிக்கு ஓட்டிப் போய்விட்டார். நான் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓடினேன். கரையில் போய் நின்றால் செவலை நடு ஏரியில், தலை மட்டும் தெரிகிறது.

"மாட்ட ஏத்து! மாட்ட ஏத்து!" என்று கத்தினேன்.

"ஏண்டி, மாடுதானே குளிக்குது, நீ ஏன் அய்வுற?"

"மாப்பிள்ள முய்கிப் போறாரு!" என்று சொல்லிவிட்டேன் தம்பி. வாட்ச் என்றுதான் சொல்ல நினைத்தேன், பயத்தில் அப்படி வந்துவிட்டது. துணி துவைத்துக்கொண்டிருந்த நாலு பெண்கள் காதிலும் விழுந்துவிட்டது. மாட்டை இழுத்து வந்து பார்த்தால் துணி நனைந்து தொங்குகிறது, உள்ளே வாட்ச் கொஞ்சம்கூடச் சளைக்காமல் ஓடிக்கொண்டிருக்கிறது. "பாத்தியா, சுவிஸ்னா சும்மாவா?" என்று உன் மாமா மார்தட்டுகிறார். பெருமாள் சந்நிதியில் நிற்கிறது, ஏரித் தண்ணீருக்குள் ஓடுகிறது. இது எந்த வகைப் பொருள், நீயே சொல்.

இப்போது வேறு வழியில்லாமல் என் கையில் கட்டியிருக்கிறேன். ஆம்பிளை வாட்ச், மாவு ஆட்டும்போது முழங்கை வரை போய்வருகிறது. இந்த வரியை எழுதும்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நீ தாய்மாமன். ஞாயிற்றுக்கிழமை எப்படியாவது வந்து, உன் மாமாவிடம் நல்ல வார்த்தை சொல்லி, இதைப் பாஷா பாயிடமே திருப்பிக் கொடுத்துவிடு. அவர் பணத்தில் பிடித்துக்கொள்வதைப் பிடித்துக்கொள்ளட்டும். நம் பெண் பூவும் பொட்டுமாக இருப்பதற்கு விலை பேச முடியாது. வரும்போது பஸ்ஸில் இடது பக்கம் உட்காராதே, வெயில் அடிக்கும்.

உன் வீட்டில் அரிசியும் பருப்பும் குறையாமல், பிள்ளைகள் படிப்பில் முன்னே வந்து, நீயும் உன் மனைவியும் ஒருவர் சொல்லை ஒருவர் கேட்டு நூறு வயது வாழப் பெருமாளை வேண்டிக்கொண்டு,

நடுக்கத்துடன்,
உன் அக்கா
ஆதிலட்சுமி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வாட்சைக் கழற்ற நல்ல நேரம் எது என்று பஞ்சாங்கத்தைப் பிரித்தேன். ஞாயிறு கரிநாள், திங்கள் அஷ்டமி, செவ்வாய் நவமி. அதற்கப்புறமும் விதைக்க, காது குத்த, கிணறு வெட்ட என்று எல்லாவற்றுக்கும் நேரம் போட்டிருக்கிறான், கழற்றுவதற்கு என்று ஒரு நாள்கூடப் போடவில்லை. கழற்றினால் நிற்கும், நின்றால் எந்த நேரத்தில் நிற்குமோ. பாஷா பாயிடம் திருப்பிக் கொடுத்தால் அவர் இதை வேறு எந்தப் பெண்ணின் மாப்பிள்ளைக்கு விற்பாரோ, அந்தப் பாவமும் என் தலையில். அதனால் திருப்ப வேண்டாம். இது என் கையிலேயே இருக்கட்டும். நிற்க வேண்டும் என்றால் என் கையில் நிற்கட்டும், எனக்கு வயசாகிவிட்டது. உன் மாமாவிடம் சொல்லிவிட்டேன். என் கையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கண்ணாடி வளையலோடு போட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்று செங்கேணி சொல்கிறாள், அது வேறு விஷயம். நீ ஞாயிற்றுக்கிழமை வரும்போது மாப்பிள்ளைக்குச் செல் போட்ட சாதாரண வாட்ச் ஒன்று, கரிநாளுக்கு முன்னாலேயே அங்கே வாங்கி வைத்துக் கொண்டு வா. விலையைப் பார்க்காதே, நேற்று வந்த சரக்கா என்று மட்டும் கேட்டு வாங்கு.