நண்டு லொறியில் போன அணியத்தம்மா

தொண்டைமானாறு,
18.09.2024

பெருமதிப்புக்குரிய செய்திமடல் ஆசிரியர் திருமதி பத்மாவதி அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நாங்கள் எல்லோரும் சுகம். தாங்களும் தங்கள் காரியாலயத்தாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பியே எழுதத் தொடங்குகிறேன். அருங்காட்சியகக் காப்பாளர்களின் பயிற்சிக்கும் ஆராய்ச்சிக்கும் கைகொடுக்கும் தங்கள் நிதியத்தின் செய்திமடலுக்கு, "உதவியால் நான் பெற்ற பயன்" என்று ஒரு சிறு குறிப்புக் கேட்டிருந்தீர்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். சுருக்கி எழுதினால் பொய் சொல்வதுபோல் இருக்கிறது. ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எதை வெட்டினாலும் வெட்டுங்கள், நன்றி என்ற சொல் வரும் இடங்களை மட்டும் விட்டுவிடுங்கள்.

எங்கள் கடலோடிகள் அருங்காட்சியகம் இரண்டு அறைகளும் ஒரு விறாந்தையும் கொண்டது. அதில் பதினெட்டு வருடமாக நான்தான் காப்பாளர், நான்தான் கூட்டுபவள், பாடசாலைப் பிள்ளைகள் வந்தால் நான்தான் "தொடாதேங்கோ" என்று கத்துபவளும். எங்களிடம் உள்ள பொருள்களில் பெரியது அணியத்தம்மா. கப்பலின் முன்முனையை இங்கே அணியம் என்பார்கள். ஒரு பழைய பாய்க்கப்பலின் அணியத்தில் கடலைப் பார்த்தபடி நின்ற நாலடி உயர மரப்பெண் அவள். யார் செய்தது, யாரைப் பார்த்துச் செய்தது, ஒன்றும் தெரியாது. சட்டை போட்டிருப்பதால் வெள்ளைக்காரி என்று சிலர் சொல்வார்கள். எங்கள் அருங்காட்சியகச் சபைத் தலைவர் கடல் காக்கும் அம்மன் என்று சொல்லி வருடத்துக்கொரு தடவை மாலை போடுவார். போன வருடம் அவளுடைய இடது தோளிலிருந்து மாவு மாவாகத் தூள் கொட்டத் தொடங்கியது. வண்டு உள்ளே குடியேறிவிட்டது. எனக்குத் தெரிந்த வைத்தியம் பூச்சி உருண்டை மட்டும். காலடியில் அரைக் கிலோ கொட்டி வைத்தேன். வண்டுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்குத்தான் தலையிடி வந்தது.

அந்த நேரத்தில்தான் தங்கள் நிதியம் என்னைச் சென்னைக்கு மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பியது. ஐம்பத்தாறு வயதில் முதல்முதலாக விமானம் ஏறினேன். பலாலியில் ஏறி, பயத்தில் கண்ணை மூடி, திறந்தபோது சென்னை வந்துவிட்டது. வகுப்பில் முதல் நாளே பேராசிரியர் "பூச்சி உருண்டை வைப்பவர்கள் கையைத் தூக்குங்கள்" என்றார். நான் பெருமையோடு தூக்கினேன். மற்றவர் ஒருவரும் தூக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கொப்பியில் எழுதினேன். அதில் ஒன்று இது: மரப்பொருளைப் பொலித்தீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் இருபது பாகைக் குளிரில் ஒரு கிழமை, அதாவது ஏழு நாள், வைத்தால், வண்டும் அதன் முட்டையும் செத்துப்போகும். நிறம் பூசிய பொருளுக்கு இது ஆகாது. ஆனால் அணியத்தம்மாவின் நிறத்தைக் கடல் எப்போதோ கழுவிக்கொண்டு போய்விட்டது. இன்னொன்று: வெளியே எடுத்தபின் இருபத்துநாலு மணித்தியாலத்துக்கு அவிழ்க்கவே கூடாது. அவிழ்த்தால் காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்த மரத்தில் படிந்து மரம் வெடிக்கும். இதை நான் கொப்பியில் இரண்டு தரம் அடிக்கோடிட்டிருந்தேன். அந்தக் கோடுதான் பிறகு என்னைப் பொலிஸ் நிலையம் வரைக்கும் கொண்டுபோனது.

நாலடிப் பெண்ணை வைக்கிற குளிர்ப்பெட்டி எங்கள் வீட்டில் ஏது? கடைசியில் குருநகரில் நண்டும் இறாலும் ஏற்றுமதி செய்கிற ஒரு குளிர்க் களஞ்சியத்துக்குப் போனேன். அதன் முகாமையாளர் ஷெரோன் என்ற பெண். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"அக்கா, ஆளுக்கு நண்டு மணம் பிடிச்சா என்ன செய்யிறது?"

"பொலித்தீன் சுத்தியிருக்கு பிள்ளை. அதோடை ஆள் கப்பலிலை வந்தவ. பழகியிருப்பா."

ஷெரோன் சிரித்துவிட்டு மூலையில் ஓர் இடம் ஒதுக்கித் தந்தார். ஒரு சதமும் வாங்கவில்லை. நான் வெப்பமானியைப் பொதிக்குள் வெளியே தெரியும்படி வைத்து, தினமும் இரண்டு பஸ் ஏறிப் போய்க் கொப்பியில் குறித்தேன். ஆறு நாள் எல்லாம் ஒழுங்கு. ஏழு நாள் முடிகிற அன்று காலமை போனால் மூலை வெறுமையாக இருக்கிறது. விடிய முதல் நண்டு ஏற்ற வந்தவர்கள், பொலித்தீன் சுற்றிய எல்லாவற்றையும் கொழும்பு லொறியில் ஏற்றிவிட்டார்கள்! அணியத்தம்மா நண்டுகளோடு சிங்கப்பூர் போகப் புறப்பட்டுவிட்டா. நான் நின்ற இடத்திலேயே ஈரத் தரையில் இருந்துவிட்டேன். ஷெரோன் சாரதி சயந்தனுக்குத் தொலைபேசி எடுத்து எடுத்துப் பார்த்தார். வாகனம் ஓட்டும்போது அவர் தொலைபேசி தொடமாட்டாராம். நல்ல பழக்கம்தான், ஆனால் அன்று அது எனக்கு உதவவில்லை. பிறகு அவரே எடுத்தார். ஷெரோன் ஒலிபெருக்கியில் போட்டார்.

"மிஸ், வன்னிக்குள்ளை பொலிஸ் மறிச்சுப் போட்டாங்கள். பின்கதவைத் திறந்து பாத்தவங்கள், உள்ளை ஒரு பொம்பிளை கிடக்கிறா எண்டுறாங்கள். சத்தியமா எனக்கொண்டும் தெரியாது மிஸ்!"

நான் தொலைபேசியைப் பறித்தேன். "தம்பி, முதலிலை வெப்பமானியைப் பார். எத்தினை காட்டுது?"

அவர் போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார். "மைனஸ் இருவது, அம்மா... நீங்கள் ஆர்?"

அப்பாடா என்று மூச்சு விட்டேன். லொறியும் களஞ்சியத்தைப் போலவே குளிராக இருந்ததால் ஏழு நாள் கணக்கு அறுபடவில்லை. இதைப் பேராசிரியருக்கும் எழுதியிருக்கிறேன்.

ஷெரோனின் வான் வண்டியில் இரண்டு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்தோம். பொலிஸ் நிலைய முற்றத்தில் ஒரு நீள வாங்குப் பலகையில் அணியத்தம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். உறைபனி பிடித்த பொலித்தீனுக்குள் மூக்கும் நாடியும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. உண்மையைச் சொன்னால், யாரென்று தெரிந்த எனக்கே ஒருதரம் பிரேதம்போல்தான் பட்டது. பொறுப்பதிகாரி மரியாதையான மனிதர். கதிரை தந்து, தண்ணீர் தந்து, பிறகுதான் கேட்டார்.

"ஒரு கத்தி தாறன் அம்மா. கொஞ்சம் வெட்டிக் காட்டுங்கோ. மரமெண்டால் நீங்கள் போகலாம்."

"வெட்டேலாது ஐயா. நாளைக்குக் காலமை வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. மரம் வெடிச்சுப் போகும்."

"அப்ப நாளைக்குக் காலமை வரைக்கும் நான் பிரேதம் காக்கிறதோ?"

"பிரேதமில்லை ஐயா, மரம். தட்டிப் பாருங்கோ."

அவர் குனிந்து தட்டினார். டொக் டொக் என்றது. "உறைஞ்சால் எல்லாம் உப்பிடித்தான் சத்தம் போடும் அம்மா" என்றார். நான் கைப்பையிலிருந்து தங்கள் நிதியத்தின் முத்திரை போட்ட சான்றிதழை எடுத்துக் கொடுத்தேன். முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் பார்த்துவிட்டு, "இதிலை பூச்சியைப் பற்றித்தானே எழுதியிருக்கு" என்றார். ஷெரோன் என் காதுக்குள், "அக்கா, ஒரு சின்னக் கீறல்தானே, விடுங்கோ. வீட்டை போவம்" என்றார். பத்மாவதி அம்மா, ஆறு மாதத்துக்கு முதல் என்றால் விட்டிருப்பேன். காக்கிச் சட்டையைக் கண்டால் பேச்சு வராத ஆள் நான். அன்று எங்கிருந்து வந்ததோ தெரியாது, எழும்பி நின்று சொன்னேன்: "ஐயா, நான் இவவின்ரை காப்பாளர். இவவுக்கு ஏதும் நடந்தால் நான்தான் பதில் சொல்லோணும். என்னை உள்ளை போடுங்கோ, பொலித்தீனிலை கை வையாதேங்கோ." அந்தக் காப்பாளர் என்ற சொல்லை அதுவரை நான் சம்பளச் சிட்டையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். அதை வாயால் சொல்லத் துணிவு தந்தது தங்கள் உதவி. நன்றி.

அதிகாரி தலையைச் சொறிந்தார். பிறகு, அவிழ்க்காமலே உள்ளே பார்க்க ஒரு வழி இருக்கிறது என்று சொல்லி எங்களைப் பக்கத்து வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த டொக்டர் தர்சினி நெல்லியடிப் பிள்ளை. சின்ன வயதில் எங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்து என்னிடம் ஏச்சு வாங்கினவவாம். எக்ஸ்ரே எடுப்பவர் வழக்கப்படி விபரம் கேட்டார். பெயர் அணியத்தம்மா, வயது நூற்றுக்கு மேல், பால் பெண் என்று கொடுத்தேன். "அலர்ஜி ஏதும்?" என்றார். "வண்டு" என்றேன்.

படம் திரையில் வந்தது. எலும்பு ஒன்றும் இல்லை. அதிகாரி "சரி, மரம்தான்" என்று தொப்பியை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் டொக்டர் அசையவில்லை.

"அன்ரி, நெஞ்சுக்குள்ளை ஏதோ புள்ளி புள்ளியாக் கிடக்கு."

முதுகுப் பக்கம் ஒரு மரத்துண்டு பொருத்தியிருப்பது எனக்குத் தெரியும். பழைய திருத்தவேலை என்று நினைத்திருந்தேன். அந்தத் துண்டுக்கு அடியில், யாரோ சின்னச் சின்னப் பித்தளை ஆணிகளை வரிசையாக அடித்திருந்தார்கள். டொக்டர் படத்தை இடம் வலமாக மாற்றினார். புள்ளிகள் எழுத்தாகின. ஷெரோன்தான் முதலில் வாசித்தார்: "சின்னாச்சி."

பதினெட்டு வருடம் தூசி தட்டினேன், பெயர் தெரியாமல். வெள்ளைக்காரியும் இல்லை, அம்மனும் இல்லை. சின்னாச்சி! எங்கள் ஊரில் ஒரு தச்சன் தன் பெண்சாதியைப் பார்த்தோ, ஆசைப்பட்ட பெண்ணைப் பார்த்தோ செதுக்கி, பெயரை முதுகுக்குள் ஒளித்துவைத்து, கடலுக்கு அனுப்பியிருக்கிறான். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்து அழுதுவிட்டேன். பொறுப்பதிகாரி எனக்குத் தேத்தண்ணி வாங்கித் தந்தார். ஷெரோன் நண்டு லொறியோடு கொழும்புக்குப் போகவேண்டி வந்ததால் நான் பஸ்ஸில் திரும்பினேன். நடத்துநர் பொதியைப் பார்த்து, "சாமானெண்டால் மேலை போடுங்கோ, ஆளெண்டால் உள்ளை வாங்கோ" என்றார். "ஆள்" என்றேன். யன்னல் பக்கம் இருத்தினேன். மறுநாள் நேரம் பார்த்து அவிழ்த்தோம். ஒரு வெடிப்பில்லை. இன்றுவரை ஒரு துளி தூளும் கொட்டவில்லை.

அடுத்த வருடத்துக்கு எனக்கு ஆராய்ச்சி உதவியும் தரத் தயாராக இருப்பதாக நிதியத்தார் எழுதியிருந்தார்கள். அவர்களிடம் தாங்கள் என் சார்பில் பணிவாகச் சொல்லவேண்டும்: எனக்கு அது வேண்டாம். கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அவள் யார் என்று உறுதியாகத் தெரிந்துவிட்டது. அவளைப்போல் இன்னொன்று வடமராட்சியில் இல்லை. கேள்வி மிச்சமுள்ள வேறொரு காப்பாளருக்கு அதைக் கொடுங்கள். எனக்கு இது போதும், நிறையவே போதும்.

தங்களையும், பெயர் தெரியாமல் உதவிப் பணம் தரும் அத்தனை பேரையும், பேராசிரியரையும், ஷெரோனையும், அந்தப் பொலிஸ்காரரையும்கூடச் சேர்த்து, வெள்ளிக்கிழமை எங்கள் சந்நிதி முருகனிடம் ஒவ்வொருவராக நினைத்துக் கும்பிடுவேன். எல்லோரும் நோய்நொடியில்லாமல் இருக்கவேண்டும்.

நன்றியுடன்,
கமலாவதி சீவரத்தினம்
காப்பாளர்

பி.கு.: கடித உறையை ஒட்டிய பிறகு திரும்பவும் கிழித்து இதை எழுதுகிறேன். இன்று காலை கூரை ஒழுக்குப் பார்க்க மேசன் கீர்த்திகன் வந்தார். சுவரில் நான் பெருமையாக மாட்டியிருந்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "உந்தப் பித்தளை ஆணி எழுத்து எங்கடை கோழிக்கூட்டுக்கு முண்டு குடுத்த கட்டையிலையும் கிடக்கு" என்றார். சைக்கிளை எடுத்துக்கொண்டு அவருக்குப் பின்னாலேயே போனேன். கட்டை இல்லை அது. இன்னொரு கப்பல் உருவம். முதுகில் மரத்துண்டு கழன்று விழுந்த இடத்தில் அதே ஆணி, அதே எழுத்து, அதே "சின்னாச்சி". ஆனால் முன்பக்கம் போய்ப் பார்த்தால், தலைப்பாகை கட்டிய ஆம்பிளை. இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை. ஆகவே சின்னாச்சி என்பது பெண்சாதியின் பெயரா, கப்பலின் பெயரா, கப்பல் முதலாளியம்மாவின் பெயரா என்று எனக்கு இப்போது ஒன்றுமே தெரியாது. மேலே "உறுதியாக" என்று எழுதிய இடத்தையும், "இன்னொன்று இல்லை" என்ற இடத்தையும் தயவுசெய்து வெட்டிவிடுங்கள். "எனக்கு அது வேண்டாம்" என்பதில் கடைசிச் சொல்லை "வேண்டும்" என்று திருத்தி, இன்றைக்கே நிதியத்தாரிடம் கொடுங்கள். அந்த மீசைக்காரரின் தலைக்கு மேல்தான் கோழி அடைகிடக்கிறது. குஞ்சு பொரிக்கும்வரை எழுப்ப விடமாட்டேன் என்று கீர்த்திகனின் மனைவி சொல்லிவிட்டா. எனவே ஆராய்ச்சியை இன்னும் பன்னிரண்டு நாளில் ஆரம்பிப்பேன்.